நோயும் குறியும்: லினக்சுக் கணினியின் மூன்று பிணிகள்

ரப்பர் மரத்தில் பால் குறைந்தால் அனுபவமுள்ள கங்காணி உடனே மரத்தைப் பழிப்பதில்லை. இலையுதிர்ந்து துளிர்விடும் பருவமா, முதல்நாள் மழையா, வெட்டின் ஆழம் போதவில்லையா, அன்றி வெட்டுப்பட்டையே வறண்டுவிட்டதா என்று ஒவ்வொன்றாக ஆராய்வான். காரணங்கள் நான்கு, கண்ணுக்குத் தோன்றும் குறி ஒன்றே. கெடாவின் தோட்டப்புறங்கள் பலவற்றில் இன்று ரப்பரின் இடத்தைச் செம்பனை பற்றிக்கொண்டது. எனினும் அந்த ஆராய்ச்சி முறை பழமையாகிவிடவில்லை. நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அது தணியும் வழியை அறிந்து, அதன்பின் பிழையாமல் மருந்து செய்க என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த வரிசையும் அதுவேயாம். உயிரற்ற கணினிக்கும் அவ்வரிசை எங்ஙனம் பொருந்துகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழங்கணினிகளின் இன்றைய நிலை

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவை முடித்துக்கொண்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11, 4 கிகாபைட்டு நினைவகம் இருந்தால் மட்டும் நிறைவடைவதில்லை, டி-பி-எம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், ஏறத்தாழ 2018-க்குப் பின் வந்த செயலிகளையும் வேண்டி நிற்கின்றது. ஆகவே நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் உடல்நலத்தோடு இருக்கும்போதே ஓய்வு பெற்றவை போலாயின. பீடோங், குரூண், சுங்கைப் பட்டாணி வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் பத்தாண்டுக்கு முன் வாங்கிய கணினிகள் ஐந்து உள்ளன எனக் கொள்வோம். அவற்றைக் கழித்துவிடுவதா, அன்றி லினக்ஸ் இட்டு வாழ்விப்பதா என்பதே ஆசிரியர் முன் நிற்கும் வினா. லினக்ஸ் இட்டபின் கணினி மெதுவாக நகர்ந்தாலோ ஊமையாய் நின்றாலோ, "லினக்ஸ் நமக்கு ஆகாது" என்ற தீர்ப்பு விரைந்து வந்துவிடும். அத்தீர்ப்புப் பெரும்பாலும் விசாரணையின்றி எழுதப்பட்ட தீர்ப்பாகும்.

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21-ஆம் வயதில், 1991-இல், தொடங்கிய இயக்குதளக் கரு. கருவாவது, செயலி, நினைவகம், வட்டு, ஒலிச்சில்லு ஆகியவற்றுக்கும் நாம் கையாளும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று பங்கீடு செய்யும் பகுதி. அதைச் சூழ்ந்த கருவிகள் பல, ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வந்தவை. இவ்விரண்டையும் சேர்த்துக் கட்டிய பொதிகளே டெபியன், உபுண்டு முதலியன.

இம்முயற்சி தமிழர்க்குப் புதிதன்று. தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனம் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே தன் அலுவலகக் கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் விண்டோசோடு இடம்பெற்றது. மலேசியாவிலோ அரசுத் துறைகளில் திறந்த மூல மென்பொருளைப் பரப்பும் பெருந்திட்டம் 2004-இல் வகுக்கப்பட்டது. திட்டங்கள் வரும், போகும். ஆனால் ஒரு கணினி பழுதுறும்போது அதன்முன் அமர்ந்திருப்பவர் ஓர் ஆசிரியரே. அவருக்கு வேண்டுவது திட்டமன்று, தெளிவு.

முதற்பிணி: வேகக் குறைவு

"கணினி மெதுவாக இருக்கிறது" என்பது, "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்பது போன்றதொரு சொல். அதிலிருந்து மருந்து பிறவாது. மெதுமைக்குச் செயலி, நினைவகம், வட்டு, சூடு, திரை வரைவு என்னும் ஐந்தில் ஒன்று காரணமாயிருக்கலாம். முனையத்தைத் திறந்து 'டாப்' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்தில் இட்டால், எந்த வேலை செயலியை எவ்வளவு பிடித்து வைத்துள்ளது என்னும் பட்டியல் தோன்றும். செயலி நூற்றுக்கு நூறும் உழைக்குமாயின் குற்றவாளி பட்டியலின் தலையிலேயே நிற்பான். செயலி சும்மா இருந்தும் கணினி நகரவில்லையென்றால், வட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் 'டபிள்யூ-ஏ' என்ற எண்ணை நோக்குக. அது உயர்ந்திருந்தால் பிணி செயலியில் இல்லை, வட்டில் உள்ளது.

நினைவகத்தை அறிய 'ஃபிரீ' என்னும் கட்டளை உண்டு. ஈண்டுப் பலர் ஏமாறுவர். 'வெற்றிடம்' என்ற நிரலில் எண் மிகச் சிறியதாயிருக்கக் கண்டு நினைவகம் தீர்ந்துவிட்டதென அஞ்சுவர். லினக்ஸ் வேலையற்ற நினைவகத்தை வீணே விடாது. வட்டில் அடிக்கடி படிக்கும் கோப்புகளின் படியை அதில் வைத்துக்கொள்ளும். நாள்தோறும் வேண்டும் நூல்களை அலமாரிக்குத் திருப்பாமல் மேசைமேல் வைத்துக்கொள்ளும் ஆசிரியரைப் போன்றது அது. வேறு வேலைக்கு மேசை வேண்டின் நூல்களை உடனே அகற்றலாம். ஆதலின் பார்க்கவேண்டியது 'கிடைக்கத்தக்கது' என்னும் மற்றொரு நிரலையே.

அந்த எண்ணும் அடிமட்டத்திற்கு வந்துவிட்டால், கரு நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டிலுள்ள மாற்றிடத்திற்குத் தள்ளும். துன்பம் இங்கேதான் தொடங்குகிறது. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகும். சுழலும் வட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லி வினாடி. அஃதாவது ஒரு லட்சம் மடங்கு. திடநிலை வட்டாயின் இவ்வேற்றுமை ஏறத்தாழ ஆயிரம் மடங்காகக் குறையும். பழங்கணினிக்குப் புதுச்செயலி தேடுவதை விட, நினைவகத்தைக் கூட்டுவதும் சுழல்வட்டைத் திடநிலை வட்டாக மாற்றுவதும் பெரும்பயன் தருவதன் காரணம் இதுவே.

எஞ்சிய இரண்டையும் சுருங்கக் கூறுவோம். செயலி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியடைந்த விசிறியும் உலர்ந்துபோன வெப்பப் பசையும் நம் நாட்டுப் புழுக்கத்தில் இதனை விரைவுபடுத்தும். காலையில் நன்றாயிருந்து நண்பகலில் தளரும் கணினியில் முதலில் ஐயுறத்தக்கது இதுவே. மற்றது திரை வரைவு. வரைகலைச் சில்லுக்குரிய இயக்கி அமையாவிடின், படம் வரையும் வேலை முழுவதும் செயலியின் தலையில் விழும். கணினியின் விவரப் பக்கத்தில் வரைகலையின் பெயராக 'எல்எல்வி-எம்பைப்' என்றிருந்தால், சில்லு உறங்குகிறது, செயலி வரைகிறது என்று கொள்ளலாம்.

மருத்துவர் ஒருவரின் வழக்கு

மேசைக் கணினியின் வேகம் என்பது வேலை முடியும் நேரம் மட்டுமன்று. சுட்டியை அசைத்தால் அது உடனே அசைவதுமாகும். இவ்வேறுபாட்டை உலகிற்கு வலியுறுத்தியவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கான் கோலிவாஸ். அவர் தொழிலால் மயக்க மருந்து மருத்துவர். லினக்ஸ் பெருங்கணினிகளின் நலனையே நோக்குகிறது, வீட்டு மேசையிலிருப்பவரை மறக்கிறது என்பது அவர் முறையீடு. எல்லா வேலைக்கும் நியாயமான முறை வைத்துப் பகிரும் பங்கீட்டு முறைகளைத் தாமே எழுதி வெளியிட்டார். கரு அவருடைய நிரலை ஏற்கவில்லை. ஆயினும் நியாயப் பங்கீடு என்னும் கருத்து வென்றது. இங்கோ மோல்நார் எழுதிய நியாயப் பங்கீட்டு நிரல் 2007-இல் 2.6.23-ஆம் பதிப்பில் ஏறியது. அவ்வழி காட்டியதற்காகக் கோலிவாசின் பெயரையும் அவர் குறித்தார். 2023-இல் வந்த 6.6-ஆம் பதிப்பில் அதுவும் மாறி, யார் வேலை எப்போது முடியவேண்டுமென்று தவணை நோக்கும் முறை வந்தது.

இதனால் ஆசிரியர்க்கு ஒரு பயனுண்டு. ஒவ்வொரு வேலைக்கும் 'நைஸ்' என்றொரு பணிவு எண் உண்டு. அது -20 முதல் 19 வரை செல்லும். எண் உயர உயர அவ்வேலை மற்றவற்றுக்கு வழிவிடும். பின்னணியில் நடக்கும் பெருவேலைக்கு 19 என்னும் பணிவைக் கொடுத்துவிட்டால், முன்னணியில் பாடம் தடையின்றி நடக்கும்.

இரண்டாம் பிணி: நிரல்பெயர்ப்பு முறிதல்

மாந்தர் எழுதும் மூலநிரலைச் செயலி அறியும் மொழிக்கு மாற்றுவது நிரல்பெயர்ப்பி. லினக்சில் பெரிதும் வழங்குவது குனு திட்டத்தின் ஜி-சி-சி. அது முதலில் 1987-இல் வெளிவந்தது. ஒரு நூலை முழுதும் பெயர்த்து அச்சிட்டுத் தருபவர் நிரல்பெயர்ப்பி எனின், சொற்பொழிவை வரிக்கு வரி பெயர்த்துரைப்பவர் வரிமொழிமாற்றி. முத்தையா அண்ணாமலை படைத்த 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி இரண்டாம் வகையைச் சார்ந்தது.

நிரல் பெயராது நின்றால் திரையில் நூறு வரிக்கு மேலும் பிழைகள் கொட்டும். படிப்பவர் கண் இயல்பாகக் கடைசி வரிக்குச் செல்லும். அது தவறு. முதற்பிழையையே படிக்கவேண்டும். மேற்கோள் குறியை ஒரு மாணவன் மூட மறந்தால் அதன்பின் வருவதெல்லாம் மேற்கோளாகிவிடுவது போல, முதற்பிழை ஒன்றே பின்வரும் தொண்ணூற்றொன்பதைப் பெற்றிருக்கும்.

பிழை எவ்விடத்தில் எழுந்ததென்பது காரணத்தைக் காட்டும். தலைப்புக் கோப்பொன்று இல்லையென்றால், அந்நூலகத்தின் வளர்ச்சிப் பொதி நிறுவப்படவில்லை. இறுதியில் இணைக்கும் கட்டத்தில் 'வரையறை காணப்படவில்லை' என வந்தால், நூலகமே விடுபட்டது, அல்லது முன்பின் மாறி நின்றது. பழைய நிரல் நேற்றுவரை பெயர்ந்து இன்று மறுக்கப்பட்டால், பெயர்ப்பியின் பதிப்பு மாறியதா என நோக்குக. 2024-இல் வெளிவந்த ஜி-சி-சி 14, முன்பு எச்சரிக்கையோடு விட்டுவந்த சில தளர்வுகளைப் பிழையென்றே நிறுத்தியது. முன்னறிவிப்பின்றி ஒரு செயற்கூற்றை அழைப்பது அவற்றுள் ஒன்று. நிரல் கெடவில்லை, தேர்வாளர் கண்டிப்பானார்.

இவற்றினும் நுட்பமானவை இரண்டு. பெயர்ப்பு நடுவே 'கொல்லப்பட்டது' என்ற ஒரு சொல்லோடு நின்றால், அது நிரலின் குற்றமன்று. நினைவகம் தீர்ந்தமையால் கரு அவ்வேலையை முடித்துவிட்டது. ஒரே நேரத்தில் நான்கு கோப்புகளைப் பெயர்ப்பதை விட்டு ஒவ்வொன்றாகப் பெயர்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். மற்றது, பெயர்ப்பியே தனக்குள் பிழை என்று கூறி நிற்பது. மறுமுறை ஓட்டினால் வேறிடத்தில் நிற்கும். மூன்றாம் முறை இன்னோரிடத்தில். ஒரே உள்ளீட்டுக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை வருமாயின் ஐயுறவேண்டியது நிரலை அன்று, இயந்திரத்தை. 1990-களில் கருவைப் பெயர்க்கும்போது நேர்ந்த இத்தகைய முறிவுகள் பலவற்றுக்குப் பழுதுற்ற நினைவகச் சில்லே காரணமென லினக்ஸ் பயில்வோர் கண்டறிந்தனர். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்னும் நிரலை ஓரிரவு ஓடவிட்டால் உண்மை பெரும்பாலும் வெளிப்படும்.

மூன்றாம் பிணி: ஊமைக் கணினி

தமிழ்ப் பள்ளிக்குக் கணினியின் ஒலி ஆடம்பரமன்று. லகர ளகர ழகர வேறுபாட்டைப் புத்தகம் காட்டலாம். செவிக்கு உணர்த்துவது ஒலியே. கதையும் செய்யுளும் கேட்டுப் பழகும் பிள்ளைக்கும், திரைபடிப்பான் துணைகொண்டு பயிலும் பார்வையற்ற பிள்ளைக்கும் ஒலியில்லாக் கணினி வெறும் பெட்டியே.

லினக்சில் ஒலி செல்லும் வழி அடுக்கடுக்கானது. அடியில் ஒலிச்சில்லு. அதன்மேல் கருவிலுள்ள ஆல்சா. யாரோஸ்லாவ் கிசெலா 1998-இல் தொடங்கிய அது 2003-இல் வந்த 2.6-ஆம் பதிப்பில் நிலைபெற்றது. அதன்மேல், பல மென்பொருள்களின் ஒலிகளைக் கலந்து தரும் ஒலிப்பணியகம். நெடுங்காலம் பல்ஸ்ஆடியோ அவ்விடத்தில் இருந்தது. அண்மையாண்டுகளில் விம் டேமன்ஸ் படைத்த பைப்வயர் அதன் இடத்தைப் பெற்றது. ஃபெடோரா 2021-இலும் உபுண்டு 2022-இலும் அதற்கு மாறின. உச்சியில் பாட்டுப்பெட்டியும் உலவியும்.

பீடோங்குக்கு அண்மையிலுள்ள சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் பழைய இரும்புருக்கு உலைக்களங்களை அகழ்ந்தனர். அகழ்வோர் ஓரடுக்கை முழுதும் அறியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. ஒலிப்பிணிக்கும் அவ்வொழுங்கே வேண்டும். ஆனால் இங்கே அடியிலிருந்து மேலே வருதல் நன்று.

முதலில், 'ஏ-பிளே' கட்டளையால் ஒலியட்டைகளின் பட்டியலைக் கேட்க. பட்டியல் வெறுமையாயின் கரு சில்லைக் காணவில்லை. இயக்கியோ, சில்லுக்குள் ஏற்றும் நுண்ணிரலோ விடுபட்டுள்ளது. மேலடுக்கில் எதைத் திருகியும் பயனில்லை. பட்டியலில் அட்டை இருந்தால், 'அல்சாமிக்சர்' என்னும் கருவியில் வாய்க்கால் எதன்கீழாவது 'எம்-எம்' என்ற குறி உள்ளதா எனப் பார்க்க. அது வாயடைப்பின் குறி. 'எம்' விசையை அழுத்தினால் திறக்கும். அடுத்து, ஒலி எவ்வழி வெளியேறுகிறதென்று காண்க. திரைக்குச் செல்லும் எச்-டி-எம்-ஐ வடத்தையும் கணினி ஓர் ஒலிவாயிலாக எண்ணும். ஒலிபெருக்கியில்லாத திரைக்கு ஒலியை அனுப்பிவிட்டு அமைதியாயிருக்கும் கணினிகள் பல. இம்மூன்றும் சரியாயின் ஒலிப்பணியகத்தை மறுபடி தொடங்குக.

ஒலி வந்தும் விட்டுவிட்டு வெடித்தால் அது வேறு நோய். பணியகம் ஒலியைச் சிறு தொட்டிகளில் நிரப்பி அனுப்புகிறது. வினாடிக்கு 48,000 கூறுகள் வீதம் 1,024 கூறு கொண்ட ஒரு தொட்டி ஏறத்தாழ 21 மில்லி வினாடியில் வற்றிவிடும். அதற்குள் செயலி அடுத்ததை நிரப்பவேண்டும். லயத்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்புபவன் தாமதித்தால் குழாயில் காற்று வருவதுபோல, செயலி தாமதித்தால் ஒலியில் வெடிப்பு வரும். தொட்டியைப் பெரிதாக்கினால் வெடிப்பு நிற்கும். ஆனால் ஒலி சற்றே பிந்தும். பாடம் கேட்பதற்கு அப்பிந்துதல் ஒரு குறையன்று.

புளுடூத் செவிக்கருவி கொண்டோர் ஒன்று அறிக. அதன் ஒலிவாங்கியையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது இணைப்புத் தொலைபேசி முறைக்கு இறங்கிவிடும். அம்முறையின் பழைய வகையில் வினாடிக்கு 8,000 கூறுகளே செல்லும். அதனால் 4,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலி முற்றும் மறையும். ஸகரம் போன்ற உரசொலிகளின் கூர்மை மழுங்கும். கருவி கெடவில்லை. கேட்பதற்கு மட்டுமுரிய உயர்தர முறைக்கு மாற்றினால் தெளிவு திரும்பும்.

பிணிகளின் உறவு

இம்மூன்றையும் தனித்தனியே கூறினோம். உண்மையில் இவை ஒருடம்பின் நோய்கள். புதுப்பித்தபின் ஒலியோ வலைத்தொடர்போ மறைந்ததெனக் கொள்வோம். தனியே சேர்க்கப்பட்ட இயக்கி ஒவ்வொரு புதுக் கருவுக்கும் மீண்டும் பெயர்க்கப்படவேண்டும். கருவுக்குரிய தலைப்புக் கோப்புகள் இல்லாமையால் அப்பெயர்ப்பு முறிந்தது. ஆதலால் இயக்கி இல்லை. இயக்கி இல்லாமையால் ஒலி இல்லை. குறி செவியில் தோன்றியது. நோய் நிரல்பெயர்ப்பில் இருந்தது. அங்ஙனமே ஒலிவெடிப்பின் வேர் நினைவகக் குறைவிலும், பெயர்ப்பு முறிவின் வேர் பழுதுற்ற சில்லிலும் இருக்கக்கூடும்.

ஆகவே கடைப்பிடிக்கத்தக்க முறைகள் நான்கு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. இரண்டு செய்து குணமானால் எது மருந்தென்று தெரியாது. பயன் தராத மாற்றத்தை முன்போலாக்கிவிடுக. புதுப்பித்தபின் வந்த பிணியாயின், கணினி தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் பழைய கருவைத் தேர்ந்து பார்க்க; அதில் குணமாயின் குற்றம் புதியதில் உள்ளது. நான்காவதாக, விரலியில் ஏற்றிய புதிய லினக்சைக் கொண்டு, வட்டைத் தொடாமலே கணினியைத் தொடங்கிச் சோதிக்க. அதில் ஒலி வந்தால் உறுப்புகள் நலம், பழுது நிறுவியதில்தான். அதிலும் வாராவிடின், பெரும்பாலும் உறுப்பையே ஆராயவேண்டும்.

இம்முறையால் எல்லாக் கணினியும் பிழைத்துவிடும் என்று கூறுவதற்கில்லை. 32 பிட்டு மட்டும் அறிந்த பழஞ்செயலிகளை 2025-இல் வந்த டெபியன் 13 நிறுவுவதற்கே ஏற்பதில்லை. வட்டு நாளும் பிழைகூறும் கணினியில் மாணவர் கட்டுரைகளை வைப்பதும் அறமன்று. கழிக்கவேண்டியதைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் வாயடைப்பு விசையொன்றை அழுத்தாமையால் ஒரு கணினியும், விசிறித் தூசியைத் துடைக்காமையால் மற்றொன்றும் பழைய இரும்புக் கடைக்குச் செல்லுதல் தகாது.

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, என்று என்ன குறி தோன்றிற்று, எது மாற்றப்பட்டது, விளைவு யாது என மாணவரைக் கொண்டே எழுதச் செய்தல் நன்று. கண்டதைக் கண்டபடி எழுதுவதும், காரணத்தையும் காரியத்தையும் பிரித்தறிவதும், முதற்பிழையைத் தேடிச் செல்வதும் அப்பிள்ளைகளுக்குப் பழகிவிடும். கணினி பிழைத்தாலும் பிழையாவிட்டாலும் அப்பழக்கம் அவர்களிடம் நிற்கும்.